விலகியவர்க்கும் விலையா?



மின்னஞ்சல்வழி விற்பனை மடல் விடுக்கும் மென்பொருள்களுள் பெயர்பெற்றது மெயில்சிம்ப். 2001இல் அமெரிக்க நாட்டு அட்லாண்டாவில், வலைத்தளம் வடித்துக் கொடுத்துவந்த சிறு நிறுவனமொன்று, தன்பால் வந்த சிறுவணிகர் வேண்டியதற்காகவே அதனை ஆக்கியது. 2009இல் கட்டணமில்லாத் திட்டமும் தந்தது. அடுமனையார்க்கும் நூற்கடையார்க்கும் எட்டிய கருவி அது!

2019இல் விலைமுறை மாறிற்று. புதிதாய்ச் சேர்ந்தோர்க்கு, ‘மடல் வேண்டா’ என விலகிக்கொண்டவர் பெயரும் கட்டணக் கணக்கில் ஏறியது! விலகியவரை நினைவிற் கொள்ளத்தான் வேண்டும். அவர்க்கு மீண்டும் விற்பனை மடல் விடுத்தலை 2003ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் தடுக்கின்றது. ஆயின், அந்நினைவுக்கு ஏன் கூலி? அப்பெயர்களைக் காப்பகப் பகுதிக்கு மாற்றிவிட்டால் கட்டணம் இல்லையாம். மாற்ற வேண்டியவர் யார்? கடையடைத்தபின் கண்ணயரும் வேளையில் கணக்குப் பார்க்கும் அவ்வணிகரே! பெருநிறுவனத்திற்கு இதற்கென ஆளுண்டு, இவருக்கு எவருளர்?

எனவே, மறுவடிவமைப்பென்பது வண்ணத்தையும் படத்தையும் மாற்றுவதன்று (அதைத்தான் முதலிற் செய்கின்றனர்!). விலகியவர் பெயர் தானே காப்பகம் சேரல் வேண்டும். ஒரு பெயர் கூடினால் கட்டணம் எவ்வளவு கூடும் என்பது சேர்க்கும்போதே திரையில் தெரிதல் வேண்டும். தம் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியேறும் வழி, தேடாமலே கண்ணிற் படுமாறு முதற்பக்கத்தில் இருத்தல் வேண்டும்.