கேட்டு எடுத்த படம்

(சங்கத்தின் புகைப்பட ஆர்வலர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எந்த கேமரா வாங்கலாம் என்று சொல்லப்போவதில்லை. அதற்கு யூடியூப் இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில், 1980களில் தெருமுனையில் நின்ற பையன்களைப் படமெடுத்த ஜமேல் ஷபாஸ் பற்றிச் சொல்கிறேன்.

புரூக்ளினிலேயே பிறந்தவர். ராணுவத்தில் இருந்துவிட்டு 1980இல் ஊர் திரும்பினார். பிறகு ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலர் வேலை, இருபது வருடம். வேலை நேரம் போக, கேமராவோடு தெருவிலும் சுரங்க ரயிலிலும் சுற்றுவார்.

அந்தப் படங்களில் முதலில் கண்ணில் படுவது உடைதான். கேங்கோல் தொப்பி, பெரிய ஃபிரேம் போட்ட கஸால் கண்ணாடி, ஆட்டுத்தோல் கோட்டு, பூமா ஷூவில் பட்டை லேஸ், கத்தி மாதிரி மடிப்பு வைத்த பேன்ட். பின்னால் கிறுக்கல் நிறைந்த சுவர். செம்பில் தணல் போட்டுச் சட்டை தேய்த்துக்கொண்டு காலேஜ் போன அப்பாக்கள் நம்மில் பலருக்கு உண்டு. அந்த மடிப்பின் அருமை நமக்குத் தெரியும்.

ஷபாஸ் எடுத்த எடுப்பில் கேமராவைத் தூக்க மாட்டார். முதலில் பேசுவார். தன் ஆல்பத்தைக் காட்டுவார். என்ன செய்யப்போகிறாய் என்று விசாரிப்பார். சம்மதம் கிடைத்த பிறகுதான் படம். அதனால்தான் அந்தப் பையன்கள் கைகட்டி, நிமிர்ந்து, நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பின்னர் கிராக் போதை அந்தத் தெருக்களைச் சூறையாடியது. 2001இல் 'பேக் இன் த டேஸ்' என்ற தொகுப்பு வந்தபோது அவர்களில் சிலர் உயிரோடு இல்லை.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த படம் உங்களுக்கு நினைவிருக்கும். பின் கேட் டீக்கடை அருகே மூன்று பையன்கள். மாடியிலிருந்து ஜூம் செய்து எடுத்தது. ஒருவனுக்குச் செம்பட்டைச் சாயம் அடித்த முடி, ஒருவனுக்குக் கிழிந்த ஜீன்ஸ். 'சந்தேகமாக இருக்கிறது, யார் இவர்கள்?' என்று ஒரு வரி. நீங்கள் பலரும் பதில் போட்டீர்கள். நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

செம்பட்டை முடிக்காரன் நம் அயர்ன் வண்டிக்காரரின் மகன். நாம் போட்டிருக்கும் சட்டையில் பாதி அவர் தேய்த்தது. இதை மறுநாள் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் அவனிடம், "ஒரு படம் எடுக்கட்டுமாப்பா?" என்று கேட்டேன். "இருங்க அங்கிள், சட்டை மாத்திட்டு வந்துடறேன்" என்று ஓடினான். அரை மணி நேரம் காக்க வைத்தான். மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு, தலை வாரி, மடிப்புக் கலையாமல் வந்தான். பிரிண்ட் போட்டு மூவருக்கும் கொடுத்துவிட்டேன்.

பழைய படத்தை நீக்கும்படி குழு அட்மினிடம் இருமுறை கேட்டாயிற்று. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.