கணக்கு நம் கையில்



சக்குபள்ளம் இடுக்கி மாவட்டத்து மலை ஊர். சுற்றிலும் ஏலத்தோட்டம். கம்பம் பக்கத்திலிருந்து பலர் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி வருகிறீர்கள். சிலர் இங்கேயே தங்கி வேலை செய்கிறீர்கள். வடமாநிலத்தாரும் உங்களோடு காய் எடுக்கிறார்கள். பேச்சு வேறு. பாடு ஒன்றுதான்.

ஒரு கேள்வி கேட்கிறேன். போன மாதம் எத்தனை நாள் வேலை செய்தீர்கள்? "கங்காணிக்குத் தெரியும்" என்று சொல்வீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டாமா? 26 நாள் உழைப்புக்கு 23 நாள் கூலி வந்தால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

நமக்குச் சட்டம் உண்டு. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1979-ல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. இவற்றுக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. கூலி பற்றி அவை சொல்வது என்ன?

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தினக்கூலியை அன்றே தர வேண்டும். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் தர வேண்டும். சம்பளச் சீட்டும் தர வேண்டும். கூலி பாக்கி இருந்தால் 3 வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம். "கொடுத்துவிட்டேன்" என்று முதலாளி சொன்னால், அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. வெற்றுத் தாளில் நீங்கள் போடும் கையெழுத்து அவருக்குச் சாட்சி ஆகிவிடும். ஆகவே படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை எழுதாத தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

இன்னொன்று முன்பணம். "வாங்கிய கடன் தீரும்வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது" என்று யாரும் கட்டி வைக்க முடியாது. அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. கலெக்டரிடம் புகார் கொடுக்கலாம்.

கேட்டால் கிடைக்குமா? மூணாறைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 20 சதவீதம் போனஸ் கேட்டார்கள். அதை வாங்கினார்கள். அவர்கள் அமைத்த சங்கத்தின் பெயர் 'பெம்பிளை ஒருமை'. பெண்கள் ஒற்றுமை என்று பொருள்.

இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, தோட்டத்தின் பெயர், செய்த வேலை, வாங்கிய பணம் ஆகிய நான்கையும் தினமும் எழுதுங்கள். எழுதத் தெரியாத பக்கத்து ஆளுக்கும் எழுதிக் கொடுங்கள். கூலி குறைந்தால் நோட்டோடு சேர்ந்து போய்க் கேளுங்கள். பயன் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

சட்டம் தானாகத் தோட்டத்துக்குள் வராது. நாம்தான் அதை அழைத்து வர வேண்டும். கற்ற எழுத்து அதற்கு உதவட்டும்.