திறப்பும் முற்பணமும்





வல்வெட்டித்துறையில் வியாபாரம் செய்யும் ஒருவர், ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்து ஒரு வீட்டில் குடியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வீட்டைத் துப்புரவாக்கி, மின்கட்டணத்தையும் செலுத்தித் திறப்பை ஒப்படைத்தார். வீட்டுக்காரரோ, "பணம் செலவாகிவிட்டது, அடுத்தவர் குடிவரட்டும், பார்ப்போம்" என்கிறார். அந்தக் குடும்பம் மற்றொரு வீட்டுக்கு எதைக் கொண்டு முற்பணம் கட்டும்?

நேயர்களே! முற்பணம் வாடகையன்று. அதைச் செலவிடாமல் வைத்திருந்தால் அது அமானிதம். கொடுத்தவரின் சம்மதத்துடன் பயன்படுத்தினால் அது கடன். எவ்வாறாயினும் திருப்பிக் கொடுப்பது கடமையே.

622ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து ஹிஜ்ரத் சென்றபோது, தம்மிடமிருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலி (ரழி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள். அவற்றின் சொந்தக்காரர்கள் அதே மக்கா நகரத்தவர். நபியவர்களின் உயிருக்கு ஆபத்து விளைவித்த ஊர் அது. ஆயினும் பகைமை அமானிதத்தைத் தடுக்கவில்லை. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோதும், கஅபாவின் திறப்பை உஸ்மான் பின் தல்ஹா (ரழி) அவர்களிடமே மீண்டும் ஒப்படைத்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கக் கட்டளையிடும் சூறா அந்நிஸாவின் 58ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்நிகழ்ச்சியோடு இணைத்துக் கூறுவர். குடியிருப்பவர் எம்மதத்தவராயினும் அவருடைய உரிமை ஒன்றே.

அப்படியானால் எதையும் கழிக்கக் கூடாதா? வாடகை நிலுவையையும், குடியிருந்தவர் உடைத்த கண்ணாடியின் பெறுமதியையும் கழிக்கலாம். வெயிலில் மங்கிய வர்ணத்துக்கும், நாட்பட்டுத் தேய்ந்த தாழ்ப்பாளுக்கும் அவர் பொறுப்பாளியல்லர். ஆகவே குடிபுகும் நாளிலேயே வீட்டின் நிலையை இருவரும் பார்த்து எழுதிக் கையொப்பமிடுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூறா அல்பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுவே.

உண்மையிலேயே கையில் பணமில்லாதவர் மறைந்து திரியாமல், நிலைமையைச் சொல்லித் தவணை கேட்கட்டும். பணமிருந்தும் இழுத்தடிப்பது அநீதி. வீட்டுக்காரர் மரணித்துவிட்டால், பிள்ளைகள் சொத்தைப் பங்கிடுமுன் இக்கடனைத் தீர்த்தாக வேண்டும். இளைஞர்களே, உங்கள் தந்தையார் எவரிடம் முற்பணம் வாங்கியுள்ளார் என்று இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். உடைமை பறிபோன வேதனையை அறிந்த நாமே, இன்னொருவரின் உடைமையை நம் பெட்டிக்குள் பூட்டி வைப்பது தகுமா?

திறப்பு கைக்கு வரும் நாளிலேயே முற்பணமும் உரியவர் கைக்குச் செல்லட்டும். அமானிதம் பேணும் நன்மக்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.