மாத்திரை இலவசம், ஒரு நாள் கூலி?

'ஓசியில் கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார்கள்' என்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், காசில்லாமல் மருந்தை விட்ட 786 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டவர்கள், வழக்கம்போல் வாங்கிய பிரிவில் 100க்கு 27 பேர். இலவசமாகப் பெற்ற பிரிவில் 38 பேர். இலவசம் யாரையும் கெடுத்துவிடவில்லை. சரி, மீதி 62 பேர்?

நம் அரசு மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரைக்கு விலை கிடையாது. ஆனால் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அதுதான் அதன் விலை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருவது அதற்காகத்தான். அது ஊர்த்தெருவோடு நின்றுவிடுகிறதா, சேரியின் கடைசி வீடுவரை மாதந்தோறும் வருகிறதா? கணக்குக் கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, நம் வரிப்பணம்.