பள்ளிக்கு ஊர் தரும் பணமும் வாக்கும்

அரசுப் பள்ளி ஊராரின் வரியில் நடக்கிறது. ஊராரின் கொடையில் வளர்கிறது. ஊராரின் வாக்கால் காக்கப்படுகிறது. இவற்றுள் கொடையைப் பற்றி மேடைகள் நிறையப் பேசிவிட்டன. வரியும் வாக்கும் அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. சென்னையின் மேற்கே உள்ள நூம்பலைச் சுற்றியுள்ள திருவேற்காடு, பூந்தமல்லி நகராட்சிகளிலும், ஆவடி, சென்னை மாநகராட்சிகளிலும் வீடு வைத்திருப்பவர் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரிக்குள் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. நூலக வரியும் அதோடு சேர்ந்தே வசூலாகிறது. பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்தவரும் அதைக் கட்டுகிறார். பிள்ளையே இல்லாதவரும் கட்டுகிறார். வாடகை வீட்டில் இருப்பவர், வீட்டுக்காரர் கையில் கொடுக்கும் வாடகை வழியாகவே அதில் பங்கு கொள்கிறார். ஆகவே பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியைப் பார்த்து, "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்க இந்த வட்டாரத்தில் எவருக்கும் இடமில்லை.

சென்னை மாகாணத்தில் இந்த வரிக்கு வழி செய்தது 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம். உள்ளாட்சி மன்றம் முடிவெடுத்தால் கல்வி வரி விதிக்கலாம். வசூலாகும் தொகைக்கு ஈடாக அரசும் தன் பங்கைச் சேர்க்கும். ஊர் ஒரு ரூபாய் எடுத்து வைத்தால் அரசும் ஒரு ரூபாய் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதே 1920-ல், சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு. பசியோடு வந்த பிள்ளைகள் பள்ளியில் தங்கினார்கள், வருகை கூடியது, திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய ஆங்கில அரசு இசையவில்லை. 1925-ல் உணவு நின்றது. ஊர் மன்றம் எடுத்த நல்ல முடிவை மேலிருந்து ஒரு கோப்பு நிறுத்திவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அன்று வாக்குரிமை சொத்தும் வரியும் உடைய சிலருக்கே இருந்தது. உணவை இழந்த பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் அந்தச் சிலருக்குள் இல்லை.

எல்லோருக்கும் வாக்கு வந்த பிறகு கணக்கு மாறியது. 1953-ல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி ஊர் ஊராக எதிர்த்தார்கள். ஆளுங்கட்சிக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அப்போது சட்டமன்றத்தில் இடமில்லாத காமராஜர், குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். எதிர் முகாமாக இருந்த திராவிட இயக்கத்தின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடத்தின் கால அட்டவணை ஓர் ஆட்சியையே அசைத்த காலம் அது. தமிழ்நாட்டில் பள்ளியும் வாக்கும் பிரிக்க முடியாதபடி முடிச்சுப் போட்டுக்கொண்டது அங்கேதான்.

காமராஜர் ஆட்சி 1956-ல் மதிய உணவை மாநிலம் தழுவிய திட்டமாக எடுத்தபோது, அரசிடம் அதற்குப் போதிய பணம் இல்லை. எட்டயபுரத்தில் தொடங்கிய அந்தத் திட்டம் முதலில் ஊராரின் கொடையை நம்பியே நின்றது. நெல் கொடுத்தவர், விறகு கொடுத்தவர், காய்கறி கொடுத்தவர், பாத்திரம் கொடுத்தவர் என்று ஒவ்வோர் ஊரிலும் ஆட்கள் முன்வந்தார்கள். பின்னர் அரசு தன் பங்கை வகுத்தது: ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்றால் ஆறு காசு அரசுடையது, நான்கு காசு ஊருடையது. இந்த நான்கு காசை இன்றைய கண்ணால் பார்த்துச் சிறிதாக எண்ணக் கூடாது. அது ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பிள்ளைக்கும் எடுத்து வைக்க வேண்டிய நான்கு காசு.

இந்த வேலையின் நடுநாயகமாக நின்றவர் நெ. து. சுந்தரவடிவேலு. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். 1954-ல் பொதுக் கல்வி இயக்குநர் பொறுப்புக்கு வந்தவர். பள்ளிச் சீரமைப்பு இயக்கம் என்ற பெயரில் அவர் உருவாக்கிய முறை, உலகத்துக்கே எடுத்துச் சொல்லத்தக்கது. அதன் முதல் மாநாடு 1958-ல் கூடிய இடம் கடம்பத்தூர். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். 1997-ல் மாவட்டம் பிரியும்வரை நூம்பலும் கடம்பத்தூரும் அதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இந்தியா பின்னர் பாராட்டிய ஒரு முயற்சி இந்த மண்ணில் முளைத்தது என்பதை இந்தப் பகுதியின் பிள்ளைகள் பாடமாகவே படிக்க வேண்டும்.

மாநாடு என்றதும் பந்தலும் மாலையும் நினைவுக்கு வரும். உண்மையான வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆசிரியர்கள் தங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று முதலில் பட்டியல் எழுதுவார்கள். கூரை, சுற்றுச்சுவர், குடிநீர், நாற்காலி, கரும்பலகை, சுவர்க் கடிகாரம், நிலப்படம், சீருடை, விளையாட்டு இடம் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுவார்கள். பிறகு அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடப்பார்கள். நிலம் உள்ளவர் நிலம் தருவார். கடைக்காரர் ஒரு கடிகாரத்தை ஏற்றுக்கொள்வார். ஒன்றும் இல்லாதவர் இரண்டு நாள் உழைப்பைத் தருவார். பல ஊர்ப் பள்ளிகளின் பட்டியல்கள் இப்படி நிறைந்த பிறகுதான், சுற்று வட்டாரம் முழுவதும் ஓரிடத்தில் கூடும். யார் எந்தப் பள்ளிக்கு எதைக் கொடுத்தார்கள் என்பது எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். சொன்னதைச் செய்யாமல் தப்ப முடியாது. செய்ததை மறைக்கவும் வேண்டியதில்லை. கொடுத்தவரின் பெயரைவிடப் பள்ளியின் தேவை முன்னால் வந்தது இந்த முறையின் பெருமை. தேவையைக் கேட்காமல் கொடுக்கப்படும் பொருள், பெரும்பாலும் பள்ளியின் ஒரு மூலையில் பூட்டிக் கிடக்கும். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய, இந்திய அரசின் கோத்தாரிக் கல்விக் குழு, சென்னை மாநிலத்தின் இந்த மாநாடுகளைத் தன் அறிக்கையில் எடுத்துக் காட்டியது.

கொடையால் எல்லாம் ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வசதியுள்ள ஊரின் பட்டியல் விரைவில் நிறையும். கூலிக்காரர்கள் நிறைந்த ஊரின் பட்டியல் பாதியில் நிற்கும். இதே ஏற்றத்தாழ்வை அமெரிக்காவிலும் காணலாம். அங்கே பள்ளிச் செலவில் கணிசமான பகுதியை உள்ளூர்ச் சொத்து வரி தாங்குகிறது. பள்ளிக் குழுவை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பல மாநிலங்களில் புதுக் கட்டடத்துக்குக் கடன் வாங்கலாமா, வரியை உயர்த்தலாமா என்றும் நேரடியாக வாக்களிக்கிறார்கள். கேட்பதற்கு மிக நல்ல மக்களாட்சி. ஆனால் விலை உயர்ந்த வீடுகள் உள்ள வட்டாரத்தில் பள்ளிக்குப் பணம் குவிந்தது. ஏழைகளின் வட்டாரத்தில் வரி விகிதம் அதிகமாக இருந்தும் பணம் போதவில்லை. 1971-ல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் இது சமத்துவத்துக்கு எதிரானது என்றது. 1973-ல் டெக்சாஸிலிருந்து வந்த இத்தகைய வழக்கில், அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தலையிட மறுத்தது. ஆசிரியர் சம்பளம் உள்ளூர் வசூலைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே அங்கிருந்து கிடைக்கும் பாடம். தமிழ்நாடு அந்தப் பாடத்தைத் தன் வழியில் கற்றது. ஊராட்சி ஒன்றியங்களின் கீழ் இருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 1981-ல் அரசு ஊழியர்களானார்கள். சம்பளம் உறுதியானது, அது சரியான முடிவு. அதோடு, பள்ளி தன்னுடையது என்ற எண்ணம் ஊருக்குள் மெல்ல மெல்லக் குறைந்ததும் உண்மை.

அந்த எண்ணத்தை மீட்கச் சில கருவிகள் இன்று சட்டத்தில் இருக்கின்றன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவதும், வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை. கடம்பத்தூரில் ஆசிரியர்கள் எழுதிய பட்டியலை இப்போது தாய்மார்கள் எழுதலாம். 2022-லும் 2024-லும் தமிழ்நாடு முழுவதும் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. 2022 டிசம்பரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், தனி மனிதர்களும் நிறுவனங்களும் தாங்கள் விரும்பும் பள்ளிக்குப் பணம் அனுப்ப ஒரு வழியைத் திறந்தது. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு போடும். 1920-ன் சட்டத்தில் இருந்த அதே நியாயம் இதிலும் இருக்கிறது.

சென்னையின் மேற்கு விளிம்பில், பள்ளியை ஊர் தன்னுடையதாகக் கவனிப்பதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அம்பத்தூர் 2011-ல் சென்னையோடு இணைந்தது; ஆவடி 2019-ல் மாநகராட்சியானது; வயலாக இருந்த இடங்கள் மனைகளாயின. ஆசிரியர் சம்பளத்தைக் கல்வித் துறை தருகிறது. மதிய உணவைச் சமூக நலத் துறை பார்க்கிறது. குடிநீரும் குப்பையும் உள்ளாட்சியின் பொறுப்பு. கழிப்பறைக் கதவு உடைந்தால் மனுவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமலே ஒரு கல்வியாண்டு கழிந்துவிடும். இங்கே குடியேறிய குடும்பங்களில் பலவற்றுக்கு வாக்கு இன்னமும் சொந்த ஊரில் இருக்கிறது. பிள்ளை படிப்பது இங்கே, கேள்வி கேட்கும் உரிமை அங்கே என்று இருந்தால், இந்த வார்டின் வேட்பாளர் அந்தப் பெற்றோரைத் தேடி வரமாட்டார். முகவரியை மாற்றி வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதும் பள்ளிக்குச் செய்யும் கொடைதான். மேலிருந்து வரும் பணத்தை மட்டும் நம்பவும் முடியாது: 2024-25-க்கு ஒன்றிய அரசிடமிருந்து வர வேண்டிய 2,152 கோடி ரூபாய், சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத் தகராறில் தடைப்பட்டது.

ஊராட்சி என்றால் கிராம சபை, நகராட்சி என்றால் வார்டின் பகுதி சபை. பள்ளியின் தேவையைத் தீர்மானமாக்க உரிய இடங்கள் இவை. குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், தண்ணீர் நாள், உள்ளாட்சி நாள் என்று ஆண்டுக்கு ஆறுமுறை கிராம சபை கூடுகிறது. மேலாண்மைக் குழு எழுதிய பட்டியல் அங்கே வாசிக்கப்பட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். அதன் நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், உள்ளாட்சி ஆணையருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் போக வேண்டும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் பள்ளிக்கு எவ்வளவு போனது என்று கேட்கும் உரிமை வாக்காளருக்கு உண்டு. கேட்டதற்குப் பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்யலாம். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதில் அடுத்த சபைக் கூட்டத்தில் வாசிக்கப்படலாம். தேர்தல் நேரத்தில் வாக்குக் கேட்டு வருகிறவர் கையிலும் கொடுக்கப்படலாம்.