கடை முக்காலியும் சர்க்கார் வேலையும்



காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. தீபாவளிக்கு முந்திய வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டாங்கிச் சேலைகளை விரிப்பதும் மடிப்பதுமாகக் காலையிலிருந்து நின்றபடி இருக்கிறார் ஒரு பெண். கூட்டம் சற்றுக் குறைந்ததும் பின்னால் கிடக்கும் முக்காலியில் உட்காருகிறார். சில ஆண்டுகளுக்கு முன்பானால் மேலாளரின் ஒரு பார்வையே அவரை எழுப்பிவிட்டிருக்கும். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலை செய்பவருக்கு இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்றது. கேரளத்துக்கு அடுத்தபடியாக இப்படியொரு சட்டம் செய்தது தமிழ்நாடுதான்.

சட்டம் சென்னையில் நிறைவேறிவிட்டது. காரைக்குடிக் கடையில் முக்காலி கிடக்கிறதா என்று யார் வந்து பார்ப்பது?

அதற்கென்றே ஓர் அரசு வேலை இருக்கிறது. தொழிலாளர் உதவி ஆய்வாளர் என்பது அந்தப் பதவியின் பெயர்.

சட்டம் படித்த பிள்ளைக்குச் சர்க்கார் வேலை என்றதும் வீட்டில் பேச்சு இரண்டு பதவிகளையே சுற்றிவரும்: நீதிபதி, அரசு வழக்கறிஞர். சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று ஆண்டு வக்கீல் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழிலாளர் சட்டத்தில் நாட்டம் உள்ளவருக்கு வாசல் வேறு பக்கம் இருக்கிறது. அங்கே உள்ள பதவிகளின் பெயரில் ‘சட்டம்’ என்ற சொல்லே வராது. அதனாலேயே தேர்வு அறிவிக்கையைப் புரட்டும்போது அவை பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 2 தேர்வின் நீண்ட பட்டியலுக்குள் தொழிலாளர் உதவி ஆய்வாளர் பதவி ஒளிந்திருக்கிறது. கடைக்குள் போய்க் குறைந்தபட்சக் கூலி கொடுக்கிறார்களா, குழந்தைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா, இருக்கை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டமும் இதே துறையின் கையில்தான். சந்தையில் காய்கறி நிறுக்கும் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரியும், தொழிலாளியின் கூலிப் பதிவேட்டைப் புரட்டும் அதிகாரியும் ஒரே துறைக்காரர்கள்.

அதைவிட உயர்ந்த பதவி தொழிலாளர் உதவி ஆணையர். 2025ஆம் ஆண்டு குரூப் 1 அறிவிக்கையில் இருந்த 70 இடங்களில் 6 இந்தப் பதவிக்கு உரியவை. துணை ஆட்சியர், டி.எஸ்.பி. என்று கனவு காண்பவர்கள் கடைசி வரிசையில் இருக்கும் இந்த ஆறைக் கவனிப்பது குறைவு.

தொழிலாளர் துறையில் சமரசம் என்று ஒரு வேலை உண்டு. ஆலையில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், போனஸ் தகராறு, கதவடைப்பு என்றால் இரு தரப்பையும் ஒரே மேசைக்கு அழைத்துப் பேசவைப்பவர் சமரச அதிகாரி. இங்கே ஒரு வேடிக்கை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டப்படி சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடம் இருக்கவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றம் அனுமதித்தால்தான் அவர் வாதாட முடிந்தது. வசதியுள்ள முதலாளி பெரிய வக்கீலோடு வந்து நின்றால் தொழிலாளி என்ன செய்வார் என்ற கவலையில் போட்ட வேலி அது. கறுப்புக் கோட்டுக்கு மூடியிருக்கும் அந்த அறையில் சட்டம் தெரிந்த ஒருவர் உட்கார வேண்டுமானால், அதிகாரியின் நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

எந்தத் தகராறு எந்த அரசிடம் போகும் என்பது அடுத்த கேள்வி. நூற்பாலையும் ஓட்டலும் மாநில அதிகாரிகளின் எல்லை. வங்கி, ரயில்வே, சுரங்கம் ஆகியவை மத்திய எல்லை. 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் கதவு திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் ஊழியர் தகராறு வந்தால், அது போவது மத்தியத் தொழிலாளர் ஆணையரின் அமைப்புக்கு. சிவகங்கை அருகே கிராஃபைட் எடுக்கும் டாமின் தமிழ்நாடு அரசின் நிறுவனம். ஆனாலும் சுரங்கம் என்பதால் அங்கே மத்திய அதிகாரிகள்தான் வருவார்கள்.

மத்திய அரசில் பலரும் குறிவைப்பது பி.எஃப். ஆபீஸ். வருங்கால வைப்பு நிதி நிறுவனத்துக்கு அமலாக்க அதிகாரிகளையும் உதவி ஆணையர்களையும் யூ.பி.எஸ்.சி. தேர்ந்தெடுக்கிறது. 2023இல் 577 இடங்கள், 2025இல் 230. பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளியிடமிருந்து அதை வசூலிப்பது இவர்கள் பொறுப்பு. எந்தப் பட்டதாரியும் எழுதலாம். ஆனால் கேள்வித்தாளில் தொழிலாளர் சட்டங்கள், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு ஆகியவை தனித் தலைப்புகளாகவே வருகின்றன. சட்டக் கல்லூரியில் இவற்றைப் படித்தவருக்கு அது பழகிய தெரு.

காரைக்குடியில் அரசு சட்டக் கல்லூரி 2022இல் வந்தது. அதுவரை இந்தப் பகுதிப் பிள்ளைகள் மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறினார்கள். இப்போது உள்ளூரிலேயே படிக்கும் இவர்கள் எதிர்கொள்ளும் பாடம், மூத்தவர்கள் மனப்பாடம் செய்த பாடமல்ல. 2025 நவம்பர் 21 அன்று 29 மத்தியச் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன: ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு. மேலே சொன்ன 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த 29இல் ஒன்று. வக்கீலுக்குப் போட்ட வேலியை மட்டும் புதிய தொழில் உறவுத் தொகுப்பும் வைத்திருக்கிறது. ஆய்வாளருக்கு ‘வசதியாளர்’ என்ற பெயரும் கூடியிருக்கிறது.

பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குத் தேர்வுக் கையேடு கிடைக்கிறது என்று பையைத் திறப்பவர்கள், முதல் பக்கத்தைத் திருப்பி அச்சான ஆண்டைப் பார்த்துவிட்டுப் பேரத்தைத் தொடங்கலாம்.