கேபார் கரையும் நொய்யல் கரையும்



கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேமிலிருந்து அரசனையும் கைவினைஞர்களையும் சிறைபிடித்துச் சென்றார்கள். அவர்களோடு போனவர் எசேக்கியேல். கேபார் ஆற்றங்கரைக் குடியிருப்பில், முன்னோர் செய்த பாவத்தை நாம் சுமக்கிறோம் என்ற பேச்சு இருந்தது. எசேக்கியேல் அதை மறுத்தார். தந்தையின் குற்றம் பிள்ளையைச் சேராது, அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு என்றார். நாடிழந்த மக்கள் தலைநிமிர இந்தச் சொல் தேவைப்பட்டது.

நமக்குச் சொன்ன கதையில் முன்னோருக்குப் பதில் முற்பிறவி. வினைப்பயனால் இந்தச் சாதியில் பிறந்தாய் என்றார்கள். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் அதை மறுத்தார். நாம் பூர்வ பௌத்தர்கள், வஞ்சகத்தால் தாழ்த்தப்பட்டவர்கள் என்று எழுதினார்.

பிழைப்புக்காக ஊரைவிட்டு நொய்யல் கரைக்கு வந்தவர்கள் நம்மில் பலர். பனியன் கம்பெனியில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங் எல்லாம் கற்றுக்கொண்டோம். ஆனாலும் வாடகைக்கு வீடு கேட்டால், ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்கிறார்கள். பிறப்பையே குற்றமாக்கும் அதே பழைய பேச்சுதான் இது. அந்தக் கேள்விக்குத் தலைகுனிய வேண்டியவர் கேட்பவரே. நாம் எந்தப் பாவத்தையும் சுமந்து இங்கே வரவில்லை.